நுண்ணுயிர் வளர்த்த நோன்பாளர்

வேளாங்கண்ணிப் பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் விழாவுடன் திருவிழா நிறைவெய்தும். இடைப்பட்ட நாள்களில் எங்கள் ஊர் ஊராக இருக்காது; மக்கள் கடலாகிவிடும். காவியுடை அணிந்து கால்நடையாக வருவோரும், குழந்தையைத் தோளில் சுமந்து வருவோரும், கடற்கரை மணலிலேயே படுத்துறங்குவோரும் எத்தனை எத்தனை பேர்! இன்று அந்தக் கூட்டத்தைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். எங்கள் பாட்டனார் காலத்திலோ அந்த மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் சேர்ந்தே வந்தது. வாந்திபேதி என்று மக்கள் அழைத்த காலரா என்னும் கொள்ளை நோயே அந்த அச்சம்.

காவிரி பாய்ந்து வளம் கொழிக்கும் தஞ்சைத் தரணியில் காலராவும் நெடுங்காலம் நிலைகொண்டிருந்தது. வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் நீரே வாய்க்கும் நீராக இருந்த காலம் அது. காலையில் ஏர் பிடித்தவர் மாலைக்குள் மாண்டார் என்பது கதையன்று, நிகழ்ந்த உண்மை. ஆகவேதான் தமிழகத்தின் பெருந்திருவிழாக்களில் சுகாதாரத் துறையினர் மேசை போட்டு அமர்ந்து, வருவோர்க்கெல்லாம் தடுப்பூசி போட்டனர். ஊசிக்குப் பயந்து கூட்டத்துக்குள் நழுவியவர்களின் கதைகளை இன்றும் முதியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

விலங்கியல் மாணவனாகிய நான், ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களையும் உயிரணுக்களையும் வளர்க்கும் பயிற்சியைத் தொடங்கியபோது, அந்த ஊசியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு மனிதரைக் கண்டேன். வால்டெமர் ஹாஃப்கின் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கை, அறிவியலின் வெற்றிக் கதை மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி அழுக்கு, ஒரு மாமனிதரின் புகழையும் பத்தொன்பது ஏழைகளின் உயிரையும் எப்படிக் குடித்தது என்பதைச் சொல்லும் கதையும் ஆகும். ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு மாணவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

உறை ஊற்றும் கலை

ஹாஃப்கினின் வாழ்வுக்குள் நுழையுமுன், அவர் செய்த வேலையின் தன்மையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வரை செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களையே போதும்.

நம் தாய்மார்கள் பாலைக் காய்ச்சுகின்றார்கள். இளஞ்சூடாக ஆறவிடுகின்றார்கள். முன்னாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகின்றார்கள். மறுநாள் காலையில் தயிர் கட்டியாகத் தோய்ந்திருக்கிறது. இதுவே நுண்ணுயிர் வளர்ப்பு. காய்ச்சுவது, பாலில் முன்பே இருக்கும் உயிர்களை அகற்ற. ஆறவிடுவது, இடப்போகும் உயிர் வெந்துவிடாமல் இருக்க. உறை ஊற்றுவது, நமக்கு வேண்டிய உயிரை விதைக்க. கரண்டி அழுக்காக இருந்தாலோ, வேறு கிருமி விழுந்தாலோ தயிர் நூல் விடும், நாற்றமடிக்கும். வீட்டில் அதைக் கொட்டிவிடலாம். மருந்து செய்யும் கூடத்தில் அந்தப் பிழை மனித உடம்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கற்கும் முதற்பாடம் தூய்நிலை காத்தல். கையைச் சோப்பிட்டுக் கழுவி, மேசையை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைக்கின்றோம். ஊட்டக் கரைசலை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் வைக்கின்றோம். விளக்கின் சுடரருகே அமர்ந்து, குடுவையின் பஞ்சடைப்பைச் சுண்டுவிரலால் பற்றி எடுத்து, குடுவையின் வாயைச் சுடரில் ஒருமுறை காட்டுகின்றோம். எடுத்த அடைப்பை மேசைமேல் வைப்பதில்லை. திறந்த குடுவையின்மேல் பேசுவதில்லை. கீழே விழுந்த கருவியை மீண்டும் தூய்மை செய்யாமல் தொடுவதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? விலங்கின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிளக்கப் பொதுவாக ஏறத்தாழ ஒருநாள் ஆகும். பல பாக்டீரியாக்களுக்கோ, ஏற்ற சூழல் வாய்த்தால், 20 அல்லது 30 நிமிடமே போதும். நாம் அன்போடு வளர்க்கும் உயிரணு ஓரடி வைக்குமுன், அழையாமல் வந்த கிருமி ஊரையே வளைத்துவிடும். நாற்றுக்கு முன் களை முந்திக்கொள்வதைக் கண்ட தஞ்சை உழவனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வயலில் களையைப் பறிக்கலாம். குடுவையில் பறிக்க இயலாது.

தஞ்சை மாவட்டத்துப் பழைய இல்லங்களில் மடி என்றொரு வழக்கம் உண்டு. மடியாக வைத்ததைப் பிறர் தொடலாகாது. ஆய்வுக்கூடத் தூய்மையும் பார்வைக்கு மடி போலவே தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மடி, தொட்டவர் யார் என்று கேட்கும். தூய்நிலை, தொட்டது எது என்று மட்டுமே கேட்கும். கிருமிக்குச் சாதியும் இல்லை, பதவியும் இல்லை. அது பணிவது நெருப்புக்கும் நீராவிக்கும்தான்.

ஒடெசாவிலிருந்து பாரிஸ் வரை

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கருங்கடற்கரை நகராகிய ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகர் அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில், வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் உண்மையைப் பின்னாளில் கண்டறிந்த மெச்னிகாவ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். விலங்கியலே அவருடைய பாடம். ஓரணு உயிர்களை வளர்த்து ஆராய்வதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது.

ஆனால் காலம் கொடியது. ரஷ்யாவில் யூதர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. தம் மக்களைக் காக்க எழுந்த இளைஞர் குழுவில் சேர்ந்து ஹாஃப்கின் காயமுற்றார், சிறையும் புகுந்தார். மெச்னிகாவின் முயற்சியால் விடுதலை பெற்றார். மதம் மாறினால் பல்கலைக்கழகப் பணி கிட்டும் என்ற நிலை வந்தது. அவர் மறுத்துவிட்டார். வயிற்றுக்காக வழிபாட்டை மாற்றிக்கொள்ளாத அந்த உறுதி அவரிடம் இறுதிவரை இருந்தது.

1888இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் சிறிது காலம் பணி செய்தார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். அங்கே ஆய்வாளர் இடம் காலியாக இல்லை; நூலக உதவியாளர் வேலைதான் இருந்தது. அதையே ஏற்றுக்கொண்டார். பகலில் புத்தகங்களை அடுக்கினார். கிடைத்த நேரமெல்லாம் குடுவைகளோடு வாழ்ந்தார். பெரிய மேசை கிடைக்கவில்லை என்று ஏங்கும் நமக்கு இது ஒரு பாடமன்றோ?

தம் உடம்பே சோதனைக் களம்

காலராவுக்குத் தடுப்பு மருந்து காண முதலில் முயன்றவர் ஹாஃப்கின் அல்லர். 1885இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஃபெர்ரான் பல்லாயிரம் மக்களுக்கு ஊசி போட்டார். ஆனால் அவருடைய மருந்தில் வேறு நுண்ணுயிர்களும் கலந்திருந்தன என்ற குறை எழுந்தது. அறிஞர்களின் முழு நம்பிக்கை அதற்குக் கிட்டவில்லை. தூய வளர்ப்பு இல்லையேல் மருந்து இல்லை என்ற உண்மை அப்போதே வெளிப்பட்டது.

ஹாஃப்கின் பொறுமையாக நடந்தார். காலராக் கிருமியை ஒரு சீமை எலியின் உடம்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி அதன் வீரியத்தை நிலைப்படுத்தினார். வெதுவெதுப்பான காற்றை ஓயாது செலுத்தி வளர்த்த வேறொரு வளர்ப்பில் அதன் நச்சுத்தன்மையைக் குறைத்தார். முதலில் வலிமை குன்றிய கிருமி, சில நாள் கழித்து வலிமை மிக்க கிருமி என இரண்டு ஊசிகள் வகுத்தார். ஒவ்வொரு மாற்றத்திலும் வேறு உயிர் ஒன்றுகூட நுழையாமல் காத்தாக வேண்டும். ஒருநாள் அசட்டை பல மாத உழைப்பை அழித்துவிடும்.

1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், அந்த மருந்தை அவர் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, தலை வலித்தது, பின்னர் தேறினார். நண்பர்கள் சிலரும் துணிந்து முன்வந்தனர். மருந்து தீங்கற்றது என்று தெரிந்தது. நோயைத் தடுக்குமா என்பதை அறியக் காலரா வாழும் நாட்டுக்கல்லவா செல்ல வேண்டும்! முன்னாள் வைசிராயும் அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவருமான டஃப்ரின் பிரபு, இந்தியாவுக்குச் செல்ல வழி காட்டினார். 1893 மார்ச் மாதத்தில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

சேரியில் கிடைத்த சான்று

வடஇந்தியாவின் ஊர்களிலும் படை முகாம்களிலும் அவர் ஊசியோடு அலைந்தார். மக்கள் ஐயுற்றனர். அயலான் ஒருவன் நோயையே ஊசியில் ஏற்றி வருகிறான் என்று அஞ்சினர். அந்த அச்சத்தைப் பழிப்பதற்கில்லை. ஆட்சியாளர்மீது மக்களுக்கு நம்பிக்கை இல்லாத காலம் அது. ஹாஃப்கின் தம்மோடு பணியாற்றிய இந்திய மருத்துவர்களுக்கு எல்லாருடைய கண்முன்னும் முதலில் ஊசி போட்டார். அதன் பின்னரே மக்களை அழைத்தார். யாரையும் வற்புறுத்தவில்லை.

1894இல் கல்கத்தாவின் காட்டல் பகான் என்ற சேரியில் காலரா புகுந்தது. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் 10 பேர் நோயுற்றனர். அவர்களில் எழுவர் இறந்தனர். அந்தப் பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. ஒரே குளம், ஒரே தெரு, ஒரே வறுமை. வேறுபாடு ஊசி ஒன்றுதான். இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்து உண்மை காணும் முறையை இந்திய மண்ணில் ஊன்றிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். கயா சிறையிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அதே ஒப்பீட்டை நடத்தினார். 1895க்குள் சுமார் 42,000 பேர் அவரிடம் ஊசி பெற்றனர். மலேரியா அவரையே வாட்டியதால் இங்கிலாந்து சென்று, மறு ஆண்டு மீண்டும் வந்தார்.

பின்னாளில் நம் திருவிழாக்களில் போடப்பட்ட ஊசி, 1896இல் ஜெர்மானியராகிய கொல்லே காட்டிய வழியில், கொல்லப்பட்ட கிருமிகளால் ஆனது. எனினும் காலரா ஊசி மக்களைக் காக்கும் என்ற நம்பிக்கையை இம்மண்ணில் விதைத்தவர் ஹாஃப்கினே.

நெய்யும் ஆட்டுக்கறிச் சாறும்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. எலிகள் செத்து விழுந்தன; மக்கள் நகரைவிட்டு ஓடினர். அரசு ஹாஃப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும், ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும்தான் அவருக்குக் கிடைத்தவை. அந்தத் தாழ்வாரத்தில் ஏறத்தாழ மூன்றே மாதத்தில் பிளேக் தடுப்பு மருந்து உருவாயிற்று.

பிளேக் கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். பசுவின் இறைச்சியை ஒரு சாராரும், பன்றியின் இறைச்சியை மற்றொரு சாராரும் வெறுப்பர் என்பதை உணர்ந்த அவர் ஆட்டுக்கறிச் சாற்றைப் பயன்படுத்தினார். சாற்றின்மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். நெய்யின் அடியைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகள் போலத் தொங்கி வளர்ந்தன. ஆலமரத்து விழுதைக் கண்ட நமக்கு அக்காட்சி எளிதில் விளங்கும். வேறு கிருமி கலந்தால் அந்த விழுதின் அழகு மாறிவிடும். ஆகவே விழுதே தூய்மைக்கு ஒரு சான்றாகவும் அமைந்தது. குடுவையை ஆட்டினால் விழுதுகள் அறுந்து வீழும். மீண்டும் புதியவை வளரும். போதிய அளவு வளர்ந்த பின் வெப்பத்தால் கிருமிகளைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்து மருந்தாக்கினார்.

1897 ஜனவரி 10ஆம் நாள், பிறர்க்குக் கொடுக்க எண்ணிய அளவைவிட மிகுதியாகத் தமக்கே செலுத்திக்கொண்டார். அம்மாத இறுதியில் பைக்குல்லா சிறையில் பிளேக் தோன்றியது. விரும்பிய கைதிகள் ஊசி பெற்றனர். ஊசி பெறாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு அறுவர் மாண்டனர். ஊசி பெற்றவர்களில் இருவர்க்கே நோய் கண்டது; இருவரும் பிழைத்தனர். ஆகா கான் தம் சமூகத்தார் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டு மக்களின் அச்சத்தைப் போக்கினார். 1899இல் பரேல் பகுதியிலிருந்த பழைய ஆளுநர் மாளிகையே பிளேக் ஆய்வுக்கூடம் ஆயிற்று. நூலக உதவியாளராகத் தொடங்கியவர் மாளிகையில் அமர்ந்து நாட்டுக்கு மருந்து வழங்கினார். புகழ் உச்சிக்கு ஏறியது.

முல்கோவால்

1902இல் பஞ்சாபில் பிளேக் கடுமையாகப் பரவியது. இலட்சக் கணக்கில் மருந்து வேண்டும் என்று அரசு கேட்டது. விரைந்து செய்யும் பொருட்டு ஹாஃப்கின் வளர்ப்பு முறையில் மாற்றம் செய்தார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதையும் விட்டார். தூய்நிலை சரியாகக் காக்கப்பட்டால் அது தேவையில்லை என்பது அவர் கருத்து. பாஸ்டர் நிலையத்தின் வழக்கமும் அதுவே.

அக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானிலுள்ள முல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஐந்து புட்டிகள் திறக்கப்பட்டன. நான்கு புட்டிகளிலிருந்து ஊசி பெற்ற 88 பேருக்கு ஒரு கேடும் இல்லை. 53-என் என்று குறிக்கப்பட்ட புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள் 19 பேர். ஏறத்தாழ ஒரு வாரம் சென்றது. அந்தப் பத்தொன்பது பேருக்கும் தாடை இறுகியது; உடம்பு வில்லாய் வளைந்தது. ரண ஜன்னி என்று நாம் அழைக்கும் டெட்டனஸ் அது. பத்தொன்பது பேரும் இறந்தனர்.

பிளேக்கிலிருந்து பிழைக்கலாம் என்று நம்பிக் கையை நீட்டிய எளிய மக்கள் அவர்கள். அவர்களுடைய பெயர்கள் நம் பாடப் புத்தகங்களில் இல்லை. ஹாஃப்கினுக்காக வருந்தும் நாம் அவர்களை மறந்துவிடலாகாது.

விசாரணைக் குழு அமைந்தது. பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் அதன் தலைவர். புட்டி திறக்கப்படுவதற்கு முன்பே, பரேல் ஆய்வுக்கூடத்திலேயே, நச்சுக் கிருமி கலந்துவிட்டது என்று குழு முடிவு செய்தது. கார்பாலிக் அமிலத்தை விட்டதும் குற்றமாகக் கருதப்பட்டது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1904இல் ஊதியமும் இன்றி, பழியைச் சுமந்து இந்தியாவை விட்டுச் சென்றார். இலட்சக் கணக்கான உயிர்களைக் காத்தவர் கொலைப் பழியோடு இலண்டன் தெருக்களில் நடந்தார்.

கீழே விழுந்த இடுக்கி

உண்மை எங்கே இருந்தது? முல்கோவாலில் புட்டியைத் திறந்தபோது, தக்கையை எடுக்கும் இடுக்கி கீழே தரையில் விழுந்தது. உதவியாளர் அதை எடுத்துக் கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு மீண்டும் பயன்படுத்தினார். நெருப்பில் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. டெட்டனஸ் கிருமியின் வித்து மண்ணில் உறைவது. சாணம் கலந்த மண்ணில் மிகுதியாக இருப்பது. கரைசலில் ஒரு நொடி அலசினால் அது சாவதில்லை. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துபோன அந்த அலட்சியமே பத்தொன்பது உயிர்களின் விலை என்று அறிஞர் பலர் கருதினர்.

மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்து 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், ஹாஃப்கினுக்காக எழுந்தார். அவர் காட்டிய நியாயங்கள் ஆய்வுக்கூட மாணவர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. அந்தப் புட்டி நிரப்பப்பட்டு 41 நாள் ஆகியிருந்தது. டெட்டனஸ் கிருமி அத்தனை நாள் அதற்குள் வளர்ந்திருந்தால் புட்டியைத் திறந்தவுடன் நாற்றம் மூக்கைத் துளைத்திருக்கும்; அத்தகைய நாற்றம் எதுவும் இல்லை. மேலும், நஞ்சு முன்பே மருந்தில் ஊறியிருந்தால் நோய் விரைவில் தாக்கியிருக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே நோய் தோன்றியதால், உடம்புக்குள் புகுந்தது நஞ்சன்று, புதிதாக ஒட்டிய வித்தே என்று கொள்வதே பொருத்தம்.

1907 ஜூலை 29ஆம் நாள், ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு கூட்டு மடல் வெளியிட்டனர். ஹாஃப்கின் மீது சுமத்தப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று எடுத்துக்காட்டினர். பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூதப் படை அதிகாரி பொய்ப் பழி சுமந்து, 1906இல் விடுவிக்கப்பட்ட நிகழ்ச்சி அன்று எல்லார் நினைவிலும் இருந்தது. இதுவும் ஒரு சிறிய டிரைஃபஸ் வழக்கே என்று பலர் பேசினர். 1907 இறுதியில் அரசு இணங்கியது. ஹாஃப்கின் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார்.

ஆனால் நீதி முழுமையாக வரவில்லை. அவர் உருவாக்கிய பரேல் கூடத்தில் அவருக்கு இடம் இல்லை. கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். மனிதர்களிடையே புதிய தடுப்பு மருந்துகளைச் சோதிக்கவும் தடை இருந்தது. உறை ஊற்றி ஊரையே காத்த கைகள் கட்டப்பட்டிருந்தன. முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் அவர் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் செய்துகொள்ளவில்லை. தம் சமய மரபுகளைப் பேணி எளிமையாக வாழ்ந்தார். 1925இல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உயிர் நீத்தார். தம் செல்வத்தை யூதக் கல்வி நிலையங்களுக்கு விட்டுச் சென்றார். 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது.

நாம் கற்க வேண்டியது

ஹாஃப்கின் மீது குற்றமே இல்லை என்று நான் வழக்காட வரவில்லை. அவசரத்தில் ஒரு பாதுகாப்பை நீக்கியது சரியா என்று இன்றும் வினவலாம். கார்பாலிக் அமிலம் இருந்திருந்தால் அந்த வித்து வளராமல் போயிருக்கலாம் என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் ஒன்று உறுதி. தூய்நிலை என்பது தலைமை அறிஞரின் அறையில் தொடங்கி, கடைசி ஊரில் புட்டியைத் திறக்கும் உதவியாளரின் விரல்நுனி வரை நீளும் ஒரே சங்கிலி. அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மருந்து நஞ்சாகும். பம்பாய் மாளிகையில் ஆயிரம் குடுவைகளைக் காத்த நெருப்பு, முல்கோவால் மரத்தடியில் ஒரு நொடி அணைந்திருந்தது.

இன்னொன்றும் உறுதி. உண்மையை மீட்டது உணர்ச்சிப் பேச்சன்று, பதிவேடு. புட்டியில் எண் எழுதப்பட்டிருந்தது. நிரப்பிய நாள் குறிக்கப்பட்டிருந்தது. எந்தப் புட்டியிலிருந்து யாருக்கு ஊசி போடப்பட்டது என்பது தெரிந்திருந்தது. நோய் தொடங்கிய நாளும் பதிவாகியிருந்தது. குடுவையின்மேல் பெயரும் தேதியும் எழுதுவது வெறும் சடங்கு என்று எண்ணும் மாணவ நண்பர்கள் 53-என் புட்டியை நினைத்துக்கொள்ளட்டும்.

கிண்டியிலுள்ள கிங் நிலையம், குன்னூரில் 1907 முதல் இயங்கிவரும் பாஸ்டர் நிலையம் எனத் தமிழகத்திலும் தடுப்பு மருந்துக் கூடங்கள் தோன்றி வளர்ந்தன. பழைய காலரா ஊசி இன்று வழக்கில் இல்லை; 1973இல் உலக நலவாழ்வு மன்றம் பயணிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கும் விதியையும் கைவிட்டது. இப்போது வாய்வழி கொடுக்கும் மருந்து வந்துவிட்டது. தூய குடிநீரே முதல் தடுப்பு என்பதையும் உலகம் உணர்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையை வாரிச் சுருட்டியபோது, அடுத்து வாந்திபேதி வரும் என்று முதியவர்கள் நடுங்கினர். நீரில் குளோரின் கலந்தும், கழிவை அகற்றியும் இரவு பகலாகப் பலர் உழைத்தனர். அஞ்சிய கொள்ளை நோய் வரவில்லை. வராத நோய்க்கு யாரும் விழா எடுப்பதில்லை. காத்தவர்களுக்குச் சிலையும் இல்லை.

ஆய்வுக்கூடத் தூய்மையும் அத்தகையதே. சரியாகச் செய்தால் ஒன்றும் நிகழாது. குடுவை தெளிவாக இருக்கும். நாம் விதைத்த உயிர் மட்டும் வளர்ந்திருக்கும். பாராட்ட எவரும் வரமாட்டார். யாரும் காணாதபோதும் குடுவையின் வாயைச் சுடரில் காட்டுவதே இந்தக் கல்வி நம்மிடம் கேட்கும் நோன்பு. மதிப்பெண்ணுக்காக அதைச் செய்வோர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவர். குடுவைக்கு அப்பால் எங்கோ ஒரு சிற்றூரில் நம்பிக் கையை நீட்டி நிற்கும் ஒருவரை நினைத்துச் செய்வோர் ஒருநாளும் மறவார். எங்கள் மேசைகளிலிருந்து நாளை மருந்துக் கூடங்களுக்கும் மருத்துவமனை ஆய்வகங்களுக்கும் செல்லவிருக்கும் தோழர் தோழியர் அனைவரும் அந்தக் கையை நினைவில் கொள்வார்களாக!